விவிலியப் பெயரும் பெயரிடும் உரிமையும்: இங்கிலாந்து, 1538–1700

இங்கிலாந்தின் பங்குத் திருச்சபைகள்தோறும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவுசெய்ய வேண்டும் என்று தாமஸ் குரோம்வெல் 1538-இல் ஆணையிட்டார். அப்பதிவேடுகளில் சாமுவேல், சாரா, தானியேல் முதலிய பெயர்களைக் காணும் ஆய்வாளர், அக்குடும்பங்களைத் தூய்மைவாதச் சார்புடையனவாகக் கொள்வதுண்டு. பெயரைத் தெரிந்தெடுத்தவர் யார் என்று வினவாமல் இம்முடிவுக்கு வருதல் பொருந்தாது.

விவிலியப் பெயர்கள் அனைத்தும் ஒரே வழியில் வந்தவை அல்ல. ஜான், தாமஸ் ஆகியவை இடைக்காலத்திலேயே புனிதர் வணக்கத்தின் வாயிலாக வேரூன்றியவை. சமயச் சீர்திருத்தம் அவற்றை அகற்றவில்லை. பழைய ஏற்பாட்டுப் பெயர்களின் பரவலே புதியது. 1560-இல் வெளிவந்த ஜெனிவா விவிலியம் இப்பெயர்களைப் பொருளுடன் தொகுத்து அட்டவணையாகத் தந்தது. முன்னோரான இறையடியார்களின் பெயரைத் தாங்கும் குழந்தைக்கு அப்பெயரே நம்பிக்கையாளர் குடும்பத்தைச் சேர்ந்தமைக்குச் சாட்சியாகும் என்பது அவ்வட்டவணையின் முன்னுரை கூறும் நோக்கம்.

எனினும், திருமுழுக்கின்போது குழந்தைக்குப் பெயரிடுவோர் ஞானப்பெற்றோர். தம் பெயரையே வழங்குவதும் பெருவழக்கு. 1585 பிப்ரவரி 2 அன்று ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியரின் இரட்டைக் குழந்தைகள் ஹேம்னட், ஜூடித் ஆகியோர் திருமுழுக்குப் பெற்றனர். ஜூடித் விவிலியத் தொடர்புடைய பெயர், ஹேம்னட் அவ்வாறன்று. இரண்டும் அவ்வூரில் ரொட்டி சுடும் தொழில் செய்த ஹேம்னட் சாட்லர், அவர் மனைவி ஜூடித் ஆகியோரின் பெயர்கள். மகளின் பெயரை மட்டும் தனித்தெடுத்துச் சமயப் பற்றை அளப்பவர், நட்பைச் சமயமாகப் படித்தவராவார். (சாட்லர் இணையர் 1598-இல் தம் மகனுக்கு வில்லியம் என்று பெயரிட்டனர்.)

ஞானப்பெற்றோரின் பெயரைச் சூட்டும் வழக்கம் தேய்ந்து, பெற்றோரின் பெயரைச் சூட்டும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டில் வளர்ந்ததை ஸ்காட் ஸ்மித்-பானிஸ்டரின் 1997ஆம் ஆண்டு நூல் பதிவேடுகளின் துணைகொண்டு காட்டுகிறது. வெஸ்ட்மின்ஸ்டர் பேரவை வகுத்த வழிபாட்டு நெறிநூல், குழந்தையைத் தந்தையே திருமுழுக்கிற்குக் கொணர வேண்டும் என்றது. விவிலியத்தைப் படித்த தந்தைக்குப் பெயரிடும் உரிமையும் கிடைத்தபோதுதான் சமயக் கருத்து பெயராக மாறுவது எளிதாயிற்று. ஆயினும் அடுத்த தலைமுறையில் நிலை மீண்டும் மாறுகிறது: சாமுவேலின் மகன் சாமுவேல் எனப்படுவதற்குத் தந்தையின் பெயரே போதிய காரணம்.

சசெக்ஸின் வார்பிள்டன் பங்கில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘பாவத்திற்காக வருந்து’ என்னும் பொருள்படும் பெயர்கள் குழந்தைகளுக்கு இடப்பட்டன. தூய்மைவாதத்திற்கு இவற்றைவிடத் தெளிவான பெயர்ச்சான்று அரிது. இவையோ விவிலிய மாந்தர் பெயர்களே அல்ல.

திருமுழுக்குப் பதிவேடு பொதுவாக ஞானப்பெற்றோரைக் குறிப்பதில்லை. அக்குறையை உயில்கள் ஓரளவு நிரப்புகின்றன. ஷேக்ஸ்பியரின் 1616ஆம் ஆண்டு உயில், ஞானமகன் வில்லியம் வாக்கருக்கு 20 ஷில்லிங் பொன் அளிக்கிறது.