ஈஸ்ட்ரோஜன் வளர்சிதை மாற்றமும் மார்பகப் புற்றுநோயும்

சூலகத்திலும், மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் கொழுப்புத் திசுவிலும் உருவாகும் ஈஸ்ட்ரோஜனை உடல் வேதிமாற்றம் செய்து வெளியேற்றும் முறையே ஈஸ்ட்ரோஜன் வளர்சிதை மாற்றம். மார்பகப் புற்றுநோயோடு இதற்குள்ள தொடர்பின் வரலாறு, ஹார்மோன் என்றொரு பொருளே அறியப்படாத காலத்தில் தொடங்குகிறது. தொழில்வழி நோய்களை ஆராய்ந்த இத்தாலிய மருத்துவர் ராமஸினி, கன்னியர் மடங்களில் இந்நோய் மிகுந்திருப்பதை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குறித்துவைத்தார். வெரோனா நகரின் 1760 முதல் 1839 வரையிலான இறப்புப் பதிவுகளை அலசிய ரிகோனி-ஸ்டெர்ன், 1842இல் அதற்கு எண்களால் வலுச் சேர்த்தார். துறவுக்கும் கட்டிக்கும் என்ன உறவு என்று அன்று யாருக்கும் விளங்கவில்லை. பிள்ளைப்பேறு இல்லாமையே காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. கிளாஸ்கோவின் ஜார்ஜ் பீட்சன், மார்பகப் புற்று மீண்டும் தலைகாட்டிய ஓர் இளம்பெண்ணின் சூலகங்களை அகற்றினார். மார்புச் சுவரில் பரவியிருந்த கட்டிகள் சில மாதங்களில் கரைந்தன. 1896இல் அவர் இதை வெளியிட்டபோது சூலகத்தில் சுரப்பது என்னவென்றே தெரியாது. ஈஸ்ட்ரோஜன் வகைகளுள் ஒன்றான ஈஸ்ட்ரோன் பிரித்தெடுக்கப்பட்டதே 1929இல்தான். மூன்றாண்டுகளில் பாரிஸின் லகசான் அதை ஆண் சுண்டெலிகளுக்கு ஊசிவழிச் செலுத்தி, அவற்றின் மார்பகத்திலும் புற்றை உண்டாக்கிக் காட்டினார்.

இவை அனைத்தும் ஹார்மோனின் அளவையே குற்றம்சாட்டின. ஆனால் அளவு பாதிக் கதைதான். அது எவ்வழியே சிதைகிறது என்பது மறுபாதி. மற்றொரு ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ராடையால் மூலக்கூறின் 2, 4, 16 ஆகிய கார்பன் இடங்களில் நொதிகள் ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கின்றன. 4ஆம் இடத்தில் சேர்ந்தால் விளையும் பொருள் குயினோனாக மாறி டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும், பற்றிய இடத்தில் அடினின், குவானின் காரங்கள் உதிர்ந்து பிழைகள் நேரும். மீத்தைல் தொகுதியை ஒட்டி இதை முன்கூட்டியே செயலிழக்கச் செய்யும் நொதியும் உண்டு. சிரியன் வெள்ளெலிகளில் 4-ஹைட்ராக்சி எஸ்ட்ராடையால் சிறுநீரகக் கட்டிகளை உண்டாக்கியது. 2-ஹைட்ராக்சி எஸ்ட்ராடையால் உண்டாக்கவில்லை. அளவை மட்டும் வைத்து இந்த வேறுபாட்டை விளக்க இயலாது.

சிதையும் வழியும் முக்கியம் என்ற கருத்துக்கு மறுப்புகள் உண்டு. சிறுநீரில் 2, 16 வழிப் பொருள்களின் விகிதத்தை அளந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன என்பது முதல் மறுப்பு. சிறுநீர் காட்டுவது முழு உடலின் கணக்கை, மார்பகத் திசுவின் கணக்கை அன்று. பழைய அளவைமுறைகளும் கரடுமுரடானவை. நிறைநிறமாலை முறையில் இரத்தத்தை ஆராய்ந்து 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்களில் 2-வழிச் சிதைவு ஓங்கியிருந்தவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. மார்பகச் செல்லில் ஈஸ்ட்ரோஜன் பற்றும் ஏற்பியை அடைக்க மட்டுமே செய்யும் டமாக்சிஃபென் மருந்து, 1998இல் வெளியான தடுப்பாய்வில் நோயை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்ததே, பிறகு சிதைபொருளுக்கு என்ன வேலை என்பது வலுவான மறுப்பு. ஆயினும் குறைந்தவை ஏற்பியுள்ள கட்டிகளே, ஏற்பியற்றவை குறையவில்லை. ஏற்பி செல்லைப் பெருக்குகிறது, சிதைபொருள் பிழையை விதைக்கிறது. பெருக்கம் இல்லாவிடில் பிழை நிலைக்காது. எனவே இரண்டும் போட்டிக் கொள்கைகள் அல்ல.

ஆபத்து மிகுந்த பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே குறைக்கும் அனாஸ்ட்ரசோல் போன்ற மருந்துகள் இப்போது தரப்படுகின்றன. சிதைபொருள் பரிசோதனை வழக்கமான சிகிச்சையில் இடம்பெறவில்லை.