தோட்டத்து அறிஞன்

ஆங்கில அகராதியைப் புரட்டுவோர் 'எபிக்யூர்' என்றொரு சொல்லைக் காண்பர். உயர்ந்த உணவும் உயர்ந்த மதுவும் தேடிச் சுவைப்பவன் என்று அதற்குப் பொருள் எழுதப்பட்டிருக்கும். யூதரின் பழம் சமய நூலாம் மிஷ்னாவில் 'அபிகோரோஸ்' என்றொரு சொல் உண்டு. மறுமையில் பங்கில்லாதோர் என ஒதுக்கப்பட்டவர் வரிசையில் அவன் நிறுத்தப்பட்டிருக்கிறான். இத்தாலியக் கவிஞன் தாந்தே தீட்டிய நரகத்தின் ஆறாம் வட்டத்திலோ, அனல் கக்கும் கல்லறைகளிடையே, தன் மாணவரோடு ஒருவன் கிடத்தப்பட்டிருக்கிறான்.

அகராதி, மறைநூல், காவியம் - மூன்றும் சுட்டுவது ஒரே பெயரை. எபிகூரஸ்! கிரேக்க நாட்டு அறிஞன்.

என்ன குற்றம் செய்தான்? கொள்ளையடித்தானா? கொலை புரிந்தானா? இல்லை. மனிதன் அச்சமின்றி வாழலாம், சிறிது கொண்டே சிறப்பாக வாழலாம், அந்த வாழ்வை மறுமைக்கென ஒத்திவைக்காமல் இன்றே தொடங்கலாம் என்றான். அதற்குத்தான் இத்தனை வசை. அதற்குத்தான் இந்த அனற்குழி!

கி.மு. 341-இல் சாமோஸ் தீவில் பிறந்தான் எபிகூரஸ். தந்தை ஏழைப் பள்ளியாசிரியர். பிற்காலத்துப் பகைவர்கள் இதையே பெரிய இழிவாகப் பேசினர். அற்பக் கூலிக்குப் பாடம் சொன்னவன் மகன் என்றனர்; தாயுடன் வீடு வீடாகச் சென்று மந்திரம் ஓதிப் பிழைத்தவன் என்றனர். கருத்தை வெல்ல இயலாதவர், கருத்துடையவனின் குலத்தையும் தொழிலையும் கிளறுவது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கமன்று போலும்!

கி.மு. 323-இல், பதினெட்டு வயதில், ஏதென்ஸ் நகருக்கு வந்தான். உலகை வென்றவன் எனப்பட்ட அலெக்சாண்டர் மாண்ட ஆண்டு அது. பேரரசனின் உடல் குளிருமுன்னே தளபதிகள் நாடுகளைக் கூறுபோட்டனர். சாமோசில் குடியேறியிருந்த ஏதென்ஸ் மக்கள் துரத்தப்பட்டனர். எபிகூரசின் குடும்பமும் வீடிழந்து கடல் கடந்தது. இன்று ஒரு தளபதியின் ஆட்சி, நாளை மற்றொருவன் ஆட்சி. நகரங்களின் உரிமை பறிபோயிற்று. உரிமை போன இடத்தில் அச்சம் குடியேறிற்று. குறிசொல்லும் கோயில்களில் கூட்டம் பெருகிற்று. 'டைக்கி' எனும் ஊழ்த்தேவதைக்குச் சிலைகள் எழுந்தன. நேற்றைய வாழ்வு நொறுங்கிவிட்டது, நாளைய வாழ்வு கையில் இல்லை. இந்நிலையில் வானத்தைப் பார்த்து நடுங்கினான் மனிதன்.

அந்த நடுக்கத்துக்கு மருந்து தேடினான் எபிகூரஸ். மித்திலீன், லாம்ப்சாகஸ் ஆகிய ஊர்களில் பாடம் நடத்தியபின், கி.மு. 306 அளவில் மீண்டும் ஏதென்ஸ் வந்தான். எண்பது மினா விலைக்கு ஒரு தோட்டம் வாங்கினான். பிளாட்டோவின் பள்ளியும் அரிஸ்டாட்டிலின் பள்ளியும் புகழுடன் விளங்கிய நகரம் அது. அங்கே மரங்களுக்கும் பாத்திகளுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பள்ளி எழுந்தது. 'தோட்டம்' என்பதே அதற்குப் பெயராயிற்று.

அந்தத் தோட்டத்துக்குள் யார் யார் நுழைந்தனர்? பெண்கள் நுழைந்தனர், அடிமைகள் நுழைந்தனர். மைஸ் என்னும் அடிமை அறிவுரையாடலில் பங்கு கொண்டான். தெமிஸ்டா என்னும் மாதரசி இருந்தாள். லியோண்டியன் என்னும் பெண், அரிஸ்டாட்டிலின் இடத்தில் அமர்ந்த தியோபிராஸ்டசையே மறுத்து நூல் எழுதினாள். இருநூறு ஆண்டுகள் கழித்தும் ரோமாபுரியின் சிசரோவுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு கணிகை, மாபெரும் அறிஞனை மறுத்து எழுதத் துணிந்தாளே என்று சீறினான். அவள் எழுதிய நடை நன்று என்பதை மட்டும் அவனாலும் மறுக்க இயலவில்லை!

பெண்ணும் ஆணும் அடிமையும் ஆண்டானும் ஒன்றாய் அமர்ந்து பேசும் இடத்தைப் பற்றி ஊர் என்ன பேசும்? பேசியது. பள்ளியை விட்டு வெளியேறிய திமோகிராட்டஸ் என்பவன் கதை கட்டினான். எபிகூரஸ் மிதமிஞ்சித் தின்று நாளைக்கு இருமுறை வாந்தியெடுப்பானாம்! உணவுக்கு மட்டும் நாளொன்றுக்கு ஒரு மினா செலவிடுவானாம்! அகராதியில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள் இந்த அவதூறு கால்வழியில் வந்ததே.

உண்மை என்ன? ரொட்டியும் தண்ணீரும் அவனுடைய அன்றாட உணவு. நண்பனுக்கு எழுதிய கடிதத்தில் அவன் கேட்டது ஒரு சிறு சட்டிப் பாலாடைக்கட்டி. எதற்கு? விருந்துண்ண ஆசை வரும் நாளில் உண்பதற்கு! இன்பமே வாழ்வின் குறிக்கோள் என்று முழங்கியவனின் பெருவிருந்து அவ்வளவுதான்.

இங்கேதான் அவன் கருத்தின் உயிர்நாடி இருக்கிறது. ஆசைகளை அவன் மூவகையாகப் பிரித்தான். பசிக்கு உணவு, தாகத்துக்கு நீர், குளிருக்குப் போர்வை - இவை இயற்கையானவை, இன்றியமையாதவை. உணவிலே பலவகை, உடையிலே பலவகை - இவை இயற்கையானவை, எனினும் இன்றியமையாதவை அல்ல. கிடைத்தால் மகிழலாம், கிடைக்காவிட்டால் குடிமுழுகிப் போகாது. மூன்றாம் வகை இயற்கையும் அன்று, இன்றியமையாததும் அன்று. மாலை வேண்டும், சிலை வேண்டும், மணிமுடி வேண்டும் என்ற வேட்கை அது. வயிற்றுக்கு எல்லை உண்டு. வீண்புகழுக்கு எல்லை ஏது? எல்லை உள்ளதைத் தேடுபவன் நிறைவடைவான். எல்லை இல்லாததைத் தேடுபவன் ஓடிக்கொண்டே இருப்பான், ஓடிக்கொண்டே மடிவான்.

இன்பம் எளிது. அதைக் கெடுப்பது எது? அச்சம்! தெய்வத்தைப் பற்றிய அச்சம், சாவைப் பற்றிய அச்சம். எனவே இடி ஏன் இடிக்கிறது, மின்னல் ஏன் மின்னுகிறது, கதிரவனை இருள் ஏன் மறைக்கிறது என்று இயற்கைக் காரணங்களை எடுத்துக் காட்டினான். உலகம் அணுக்களால் ஆனது; அணுக்கள் கூடுவதே பிறப்பு, பிரிவதே இறப்பு என்றான். சாவு வரும்போது நாம் இல்லை. நாம் இருக்கும்போது சாவு இல்லை. பின் அஞ்சுவது எதற்கு என்று வினவினான். தெய்வங்களை அவன் அடியோடு மறுத்தானில்லை. அவை எங்கோ தொலைவில் தம் பாட்டுக்கு இன்பமாய் வாழ்கின்றன. மனிதனைத் தண்டிக்கவும் மாட்டா, காப்பாற்றவும் மாட்டா என்றான். காணிக்கை கேட்காத தெய்வத்தால் பூசாரிக்கு என்ன பயன்? சினம் மூண்டதில் வியப்பில்லை.

சொல்வது எளிது, சோதனை வந்தால்? வந்தது. கி.மு. 295 அளவில் டெமெட்ரியஸ் என்னும் மாசிடோனியத் தளபதி ஏதென்ஸ் நகரை முற்றுகையிட்டான். யார் இந்த டெமெட்ரியஸ்? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், காக்க வந்த கடவுள் என்று இதே நகர மக்கள் பட்டஞ்சூட்டி, பூசாரியும் நியமித்துப் போற்றிய அதே மனிதன்! அவர்கள் ஆக்கிய கடவுளே அவர்களைப் பட்டினி போட்டான். நகருக்குள் கோலோச்சிய லாகாரேஸ் என்னும் கொடுங்கோலனோ அதேனா தேவி சிலையின் பொன்னையே உரித்தெடுத்துக்கொண்டான்; தேவி வாய் திறந்தாளில்லை. பஞ்சத்தின் கொடுமையைப் புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறான். ஒரு வீட்டில் தந்தையும் மகனும் சாவை எதிர்நோக்கி அமர்ந்திருந்தனர். கூரையிலிருந்து செத்த எலி ஒன்று விழுந்தது. இருவரும் பாய்ந்தனர், அதற்காக ஒருவரோடொருவர் போரிட்டனர்!

அதே நகரில், அதே நாட்களில், தோட்டத்தில் என்ன நடந்தது? இருந்த அவரை விதைகளை எபிகூரஸ் எண்ணினான். ஆளுக்கு இத்தனை என்று எண்ணி எண்ணிப் பகிர்ந்தான். தோழர்களின் உயிரைக் காத்தான். பசி தந்தையையும் மகனையும் பகைவராக்கிய நகரில், தோழமை பட்டினியை வென்றது. இன்பவாதி எனத் தூற்றப்பட்டவனின் இன்பம் எத்தகையது என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

கி.மு. 270-இல், எழுபத்திரண்டாம் வயதில், சிறுநீர்க்கல் நோயால் பதினான்கு நாள் வருந்தி மறைந்தான். இறுதி நாளில் நண்பனுக்கு ஒரு மடல் வரைந்தான். வலி தாங்கொணாதது என்பதை மறைக்கவில்லை. ஆயினும் நண்பர்களோடு உரையாடிய நாட்களின் நினைவு அவ்வலிக்கு எதிரே நின்று மகிழ்வூட்டுகிறது என்றான். மாண்டுபோன தோழன் மெட்ரோடோரசின் பிள்ளைகளைக் காக்குமாறு வேண்டினான். எந்தத் தெய்வத்தையும் கூவியழைக்கவில்லை. எந்த மோட்சத்துக்கும் வழி கேட்கவில்லை. தன் உயிலில் மைசுக்கும் இன்னும் மூவருக்கும் விடுதலை அளித்தான். மாதந்தோறும் இருபதாம் நாள் தோழர்கள் கூடி மகிழ வேண்டும் என்றும் எழுதிவைத்தான்.

முந்நூறு சுருள் அளவுக்கு எழுதியவன் எபிகூரஸ். முழுமையாய் எஞ்சியவை மூன்று மடல்களும் சில முதுமொழித் தொகுப்புகளுமே. நம் நாட்டு உலகாயதருக்கும் இதே கதிதான். அவர்களுடைய மூலநூல் கிடைக்கவில்லை; மணிமேகலையிலும் நீலகேசியிலும் பூதவாதியின் குரலை நாம் கேட்கிறோம் என்றால், அவனை மறுக்க வந்தவர் வாயிலாகவே கேட்கிறோம். ஏட்டைக் காப்போர் எவரோ அவர் விரும்பும் கருத்தே வாழும் என்பது வரலாறு தரும் கசப்பான பாடம்.

ஆனால், ஏட்டை அழித்தோர் கல்லை மறந்தனர்! இன்றைய துருக்கி நாட்டில் ஒயினோவாண்டா என்னும் மலையூர். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அங்கு டயோஜெனிஸ் என்னும் முதியவர் வாழ்ந்தார். தம்மை அச்சத்தினின்றும் விடுவித்த எபிகூரசின் கருத்தை ஊர்மக்கள் அனைவரும் படிக்க வேண்டும் என விரும்பினார். பொது மண்டபத்தின் நெடுஞ்சுவரில், ஏறத்தாழ எண்பது மீட்டர் நீளத்துக்கு, கல்லிலே வெட்டிவைத்தார். அயலாருக்கும் இனிப் பிறப்போருக்கும் இது உதவட்டும் என்றார். அயலார் என்பது பெயரளவே, உலகம் முழுதும் ஒரே நாடு என்பதும் அவர் கருத்து. பூங்குன்றனாரைப் பெற்ற இனத்துக்கு இக்குரல் புதிதன்று. பின்னர் சுவர் இடிக்கப்பட்டது. கற்கள் வேறு கட்டடங்களுக்குப் போயின. 1884-இல் தொடங்கிய தேடலில் இதுவரை முந்நூறு அளவிலான துண்டுகள் கிடைத்திருக்கின்றன.

கல் மட்டுமா பேசிற்று? கரியும் பேசிற்று! கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை ஹெர்குலேனியம் நகரைப் புதைத்தது. 1752-இல் அங்கொரு மாளிகையில், கரிக்கட்டைகளாய்க் கருகிய ஏட்டுச் சுருள்கள் கிடைத்தன. அவற்றுள் பல எபிகூரசின் வழிவந்தோர் எழுதியவை. விரித்தால் நொறுங்கும் சுருளை விரிக்காமலே, ஊடுகதிராலும் கணிப்பொறியாலும் படித்துக் காட்டினர் எகிப்து, அமெரிக்கா, சுவிட்சர்லாந்து நாட்டு இளைஞர் மூவர். 2024 பிப்ரவரியில் அதற்காகப் பரிசு பெற்றனர். படித்த பகுதியில் இருந்தது என்ன? இன்பத்தைப் பற்றிய ஆராய்ச்சி! அரிதாய்க் கிடைப்பது, ஏராளமாய்க் கிடைப்பதைவிட இனியது என்று உடனே நம்பிவிடலாகாது என்னும் கருத்து! ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு மண்ணுக்கடியில் கிடந்த உண்மையை அறிவியல் தோண்டியெடுத்துத் தந்தது.

இவ்வளவும் சொன்னபின் குறையையும் சொல்ல வேண்டும். அறிஞனை ஆராய்வதே பகுத்தறிவு, வழிபடுவது அன்று.

அரசியலை விட்டு ஒதுங்கி, அறியப்படாமல் வாழுங்கள் என்று அறிவுரை கூறினான் எபிகூரஸ். வாளேந்திய தளபதிகளின் காலத்தில் அஃது ஒரு தற்காப்பாக இருந்திருக்கலாம். நமக்கு அது வழியாகாது. தோட்டத்துக்குள் அடிமையைத் தோழனாக நடத்தியவன், தோட்டத்துக்கு வெளியே அடிமைமுறையை எதிர்த்துக் குரல் எழுப்பவில்லை. தன் அடிமைகளை விடுவிப்பதற்கும் சாவு வரை காத்திருந்தான். பிற்காலத்தில் ஜெஃபர்சன், நானும் எபிகூரசின் வழியினனே என்று 1819-இல் மடல் எழுதினார்; வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர் அவர்! வேலி போட்ட தோட்டத்து இன்பத்தின் குறை இது. 1841-இல் எபிகூரசின் அணுக்கொள்கையை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் இருந்தார். அவர் பின்னர் வேலிக்கு வெளியே உள்ள உலகை மாற்றும் வழி தேடினார். அவர் கார்ல் மார்க்ஸ்.

வேறோர் ஆபத்தும் உண்டு. மனிதனுக்குத் தேவை சிறிதே என்ற கருத்தைச் சீமான்கள் கையிலெடுத்து, கூழ் போதும், குடிசை போதும், மனநிறைவே மாபெருஞ்செல்வம் என்று ஏழைக்கு உபதேசிக்கக் கூடும். அதை நாம் திருப்பிக் கேட்போம்: தேவை அவ்வளவு சிறிதென்றால், அச்சிறிதையும் ஒருவனுக்கு மறுக்கும் சமுதாயம் எத்துணைக் கொடியது? எண்ணிப் பகிர்ந்தால் அவரை விதையும் போதும் என்று காட்டினான் தோட்டத்து அறிஞன். எண்ணவும் மனமின்றிப் பகிரவும் மனமின்றிப் பூட்டிவைப்போரைப் பார்த்துச் சொல்ல வேண்டிய பாடம் அது.

தோழர்களே! உழைக்கும் இளைஞர் சிலர் உள்ளத்தில் ஓர் ஐயம் உண்டு. நாட்டில் இத்தனை இழிவு இருக்கையில் நாம் சிரிக்கலாமா, பாடலாமா, மாலைக் காற்றில் நண்பரோடு உலவலாமா என்ற ஐயம். இன்பமெல்லாம் வெற்றிக்குப் பின் என்று ஒத்திவைக்கின்றனர். ஒத்திவைப்பது யாருடைய வழக்கம்? இங்கே வருந்து, அங்கே சுகம் என்போரின் வழக்கம் அல்லவா? மோட்சத்தை மறுத்த நாம், நாட்காட்டியிலே புதியதொரு மோட்சத்தைக் குறித்துக்கொண்டு காத்திருக்கலாமா?

களைத்து வந்தவன் பருகும் ஒரு குவளைத் தேநீர், படிப்பகத்துத் திண்ணையில் நண்பரோடு நடக்கும் சொற்போர், மனைவியும் மக்களும் உடனிருந்து உண்ணும் எளிய சோறு, வேப்பமர நிழல், நல்ல நூல் ஒன்று - இவை போராட்டத்துக்கு இடையூறு அல்ல. போராட்டம் எதற்காகவோ அதுவே இவை. எல்லோருக்கும் இவை கிட்ட வேண்டும் என்றுதானே உழைக்கிறோம்? சுவையே அறியாதவன் பிறருக்கு எதைப் பரிமாறுவான்?

அறுவடை எல்லோருக்கும் ஆகும்வரை உழைப்போம். அதுவரை கிடைக்கும் கைப்பிடி அவரையை எண்ணிப் பகிர்ந்து, இன்முகத்தோடு உண்போம். வேலியை அகற்றுவோம், தோட்டத்தை அழிக்க வேண்டாம்!