நேபாளம் என்னும் பெயர்

இமயமலை நாடு முழுவதையும் இன்று குறிக்கும் நேபாளம் என்னும் பெயர், முன்னாளில் காட்மாண்டுப் பள்ளத்தாக்கையே சிறப்பாகச் சுட்டிற்று. சமுத்திரகுப்தனின் அலகாபாத் தூண் கல்வெட்டு நேபாளத்தை எல்லைப்புற அரசுகளுள் ஒன்றாக எண்ணுகின்றது. அப்பள்ளத்தாக்கின் பழங்குடியினர் நேவாரர். நேவார், நேபாளம் என்பன ஒரே சொல்லின் இருவேறு வடிவங்கள் என்பர் ஆய்வாளர். அவர்தம் திபெத்திய-பர்மிய மொழியும் பண்டு 'நேபாள பாஷை' என்றே வழங்கிற்று.

கூர்க்கா மன்னன் பிருதிவி நாராயண ஷா 1768-69இல் அங்கிருந்த மூன்று மல்ல அரசுகளையும் வென்று, காட்மாண்டுவைத் தலைநகராக்கினான். பின்னர், 20ஆம் நூற்றாண்டில், கூர்க்காலி எனப்பட்ட இந்தோ-ஆரிய மொழி 'நேபாளி' எனப் பெயர் பெற்றது. வென்றோர் மொழி தோற்றோர் நாட்டின் பெயரை ஏற்றது. தோற்றோர் மொழியோ பிறரால் 'நேவாரி' எனப்படலாயிற்று. ஆகலின், மல்லர் காலச் சுவடிகளில் வரும் நேபாள மொழியை இன்றைய நேபாளி எனக் கொள்ளுதல் பொருந்தாது.