மின்சாரம் நின்ற இரவு

1950-களின் நடுப்பகுதியில், மினெசோட்டாப் பல்கலைக்கழக வைத்தியசாலையில், வால்டன் லிலிஹை என்னும் சத்திரசிகிச்சை வல்லுநர், இதயச் சுவரில் துளையோடு பிறந்த குழந்தைகளைக் காப்பாற்ற முனைந்தார். துளை அடைபட்டது. ஆனால் தைக்கும் ஊசி, கண்ணுக்குப் புலனாகாத மின்கடத்தும் இழையைத் தீண்டிவிடின் நாடி தளர்ந்தது. அக்குழந்தைகளுட் பலர் மாண்டனர்.

1952இல் போல் ஸோல் கண்ட முறையோ நெஞ்சின் தோல்மீது மின்னதிர்ச்சி கொடுப்பது. தோல் வெந்துபோகும், பிஞ்சுடல் நாட்கணக்கில் அதனைத் தாங்குமா? இதயத் தசையையே நேராகத் தூண்டலாமே என்றார் உடலியல் அறிஞர் ஜாக் ஜோன்சன். 1957 ஜனவரி 30 அன்று ஒரு குழந்தையின் இதயத்திற் கம்பி தைக்கப்பட்டது. சில வோல்ற்று மின்சாரமே போதியதாயிற்று.

ஆயினும் அக்கருவி உயிர் பெற்றது சுவரிலிருந்த மின்னிணைப்பிலிருந்து. வடம் எட்டும் தூரமே குழந்தையின் உலகம். 1957 ஒக்டோபர் 31 இரவு மினியாபொலிஸ் நகரில் மின்சாரம் நின்றது. அதன் பின்னர் லிலிஹை நாடியது, வைத்தியசாலைக் கருவிகளைத் திருத்த வந்துபோன ஏர்ல் பாக்கன் என்னும் பொறியியலாளரை. சங்கீதக்காரருக்குத் தாளங்காட்டும் கருவியின் மின்சுற்றொன்று சஞ்சிகையில் வெளிவந்திருந்தது; அதனை மாற்றியமைத்து, பற்றரியில் இயங்கும் சிறு பெட்டியொன்றைச் சில வாரங்களில் அவர் ஆக்கினார். விலங்கிற் சோதித்த மறுநாளே அது ஒரு குழந்தையின் உடலோடு இணைந்திருக்கக் கண்டு அவர் திகைத்தாராம்! வரலாற்று நூல்கள் வைத்தியரையே முன்னிறுத்துவன. என் மனமோ இக்கருவி திருத்துநரையே சுற்றுகின்றது.

அக்கூடம் ஒரு பள்ளியாகவும் விளங்கியது. 1967இல் இதயமாற்றுச் சிகிச்சை செய்த தென்னாபிரிக்கரான கிறிஸ்ரியன் பார்னாட் அங்கே பயின்றவர்.

இன்று கருவி உடலுக்குள்ளேயே வைக்கப்படுகின்றது. வளர்ந்தோருக்கு அது நாள்தோறும் நடக்கும் காரியம், குழந்தைகளுக்கோ அரிது. ஆதலின் இதனைக் கற்கும் வாய்ப்பும் அரிதே. வளர்ந்தோரிடம் பழகிய கை சிசுவிடம் தடுமாறும்: நாளம் மிகச் சிறியது, சிசுவுக்குப் பெரும்பாலும் மார்பைத் திறந்து இதயத்தின் புறத்தே கம்பியைத் தைக்க வேண்டும். பிள்ளை வளரக் கம்பி இழுபடும் என்பதால் உள்ளே சிறிது வளைத்து மிகையாக விடுவர். எவ்வளவு விடுவது என்பதை, முன்பு செய்தவரின் அருகே நின்றுதான் பயிலலாம். அத்தகையவர் இல்லாத நாட்டில், கருவியை விலைகொடுத்து வாங்கினாலும் பிள்ளையைக் கடல்கடந்து கொண்டுசெல்ல வேண்டியிருக்கின்றது.