சலாம் போடும் வலிப்பு

வலிப்புன்னா கை கால் வெட்டி இழுக்கணும், வாயில நுரை தள்ளணும்னுதான் நினைக்கிறோம். சினிமா அப்படித்தானே காட்டுது. ஆனா தசை விறைச்சு நின்னா டோனிக். தசை சட்டுனு தளர்ந்து, நிக்கிற பிள்ளை பொத்துனு விழுந்தா ஏடோனிக். மின்னல் மாதிரி ஒரு உதறல் மட்டும்னா மயோக்ளோனிக். இது எதுலயும் சரியா அடங்காத ஒண்ணைப் பத்திதான் இந்த த்ரெட்.

1841. இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் ஊர் டாக்டர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட், லான்செட் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். நோயாளி அவருடைய சொந்த மகன். நாலு மாசக் குழந்தையா இருந்தப்போ தலை லேசா முன்னால குனிய ஆரம்பிச்சது. போகப் போக, தலை முழங்கால் வரைக்கும் குனிஞ்சு நிமிர்ந்து, திரும்பத் திரும்பக் கொத்துக் கொத்தா வந்தது. அட்டை விட்டார், பேதிக்குக் கொடுத்தார், ஈறைக் கீறினார், அபின் கூடக் கொடுத்தார். அன்னைக்கு வைத்தியம் அவ்வளவுதான். எதுவும் கேட்கல.

லண்டன்ல சர் சார்லஸ் கிளார்க்கிடம் காட்டினார். குனியுற விதத்தைப் பார்த்து அவர் வெச்ச பேர் ‘சலாம் வலிப்பு’. நம்ம பக்கத்து வார்த்தை, லண்டன் டாக்டர் வாயில!

வேற யாராவது இதைப் பார்த்திருக்கீங்களா, வழி சொல்லுங்கன்னு ஒரு அப்பா ஊரறியக் கேட்ட கடிதம் அது. எனக்கு அதை டாக்டர் எழுதினதா படிக்க முடியல. பையனோட அறிவு வளர்ச்சி நின்னுபோச்சு. இருபது வயசு வாக்கில் இறந்துட்டான். நோய்க்கு அப்பா பேரு நிலைச்சுது: வெஸ்ட் சிண்ட்ரோம்.

1952-ல் கிப்ஸ் தம்பதி, இந்தக் குழந்தைகளோட ஈஈஜி-யில் வரும் தாறுமாறான அலைகளுக்கு ஹிப்ஸாரித்மியான்னு பேர் வெச்சாங்க. 1958-ல் பெல்ஜியத்தில் ஏசிடிஎச் ஊசி பலன் தருதுன்னு தெரிஞ்சது. கடிதத்துக்கு 117 வருஷம் கழிச்சு! இப்போ அதோட ஸ்டீராய்டு, விகாபாட்ரின் மாத்திரையும் இருக்கு. எல்லாப் பிள்ளைக்கும் முழுசா குணமாகும்னு சொல்ல மாட்டேன், மூளையில் என்ன காரணம்ங்கிறதைப் பொறுத்தது. ஆனா ஒவ்வொரு வார தாமதமும் வளர்ச்சியைப் பாதிக்கும்.

ஏனாத்தூரோ உத்திரமேரூரோ, வீட்ல இதை ‘வயித்து வலி’, ‘பயந்துக்குது’, ‘பாப்பா கும்பிடுது’ன்னு சொல்லுவாங்க. ஒரு வயசுக்குள்ள இருக்குற குழந்தை, பெரும்பாலும் தூங்கி எழுந்ததும், ஒண்ணு ரெண்டு செகண்ட் குனிஞ்சு கையை விரிச்சு, அடுத்தடுத்து அப்படியே செஞ்சா மந்திரிக்கப் போகாதீங்க. செல்போன்ல வீடியோ எடுத்துட்டு அன்னைக்கே குழந்தை டாக்டரைப் பாருங்க. வெஸ்ட் பக்கம் பக்கமா எழுதிப் புரிய வெச்சதை, உங்க அரை நிமிஷ வீடியோ எங்களுக்குக் காட்டிடும்.