இரண்டு மெச், ஒரே நேரம்: ஒரு விதிக்கு அல்ஜீரியா கொடுத்த விலை

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் வந்துவிட்டால் கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நமது ஊர்த் தேநீர்க் கடைகளில் ஒரு முறைப்பாடு தவறாமல் எழும். "கடைசி ரவுண்டுல மட்டும் ஏன் ரெண்டு மெச்சையும் ஒரே நேரத்துல வெக்கிறானுகள்? ஒண்டப் பாத்தா மத்தது போகுதே!"

நியாயமான கேள்விதான். 2022இல் கட்டாரில் நடந்த தொடரை நினைத்துப் பாருங்கள். முதல் இரண்டு சுற்றுகளிலும் நமது நேரப்படி பிற்பகல் 3.30, மாலை 6.30, இரவு 9.30, நள்ளிரவு 12.30 என்று போட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒன்றையும் தவறவிடாமல் பார்க்க முடிந்தது. மூன்றாவது சுற்று வந்ததும் 8.30க்கு இரண்டு, 12.30க்கு இரண்டு என்று மாறிவிட்டது. ரிமோட் ஒரு கையில், தொலைபேசி மறு கையில்.

இதனால் ஒளிபரப்பு நிறுவனங்களுக்கு இலாபமில்லை, பார்ப்பவர்களுக்கும் வசதியில்லை. ஆனாலும் இந்த விதி 40 வருடங்களாக மாறவில்லை. அது எங்கிருந்து வந்தது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தப் பதிவு.

முதலில் குழுநிலைச் சுற்று என்பதே எதற்காக என்று பார்ப்போம்.

1934இல் இத்தாலியில் நடந்த உலகக் கிண்ணத்தில் குழுக்களே இருக்கவில்லை. தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஆபிரிக்காவிலிருந்தும் அரபு உலகிலிருந்தும் முதன்முதலாக உலகக் கிண்ணத்துக்குப் போன எகிப்து, மத்தியதரைக் கடலைக் கடந்து சென்று, நேபிள்ஸில் ஹங்கேரியிடம் 4-2 என்று தோற்று, ஒரே போட்டியோடு திரும்பியது. 1938இல் இன்றைய இந்தோனேசியா, அன்று டச்சுக் கிழக்கிந்தியா, கப்பலேறி பிரான்ஸ் வரை போனது. அதுவும் ஹங்கேரியிடம் 6-0 என்று தோற்றது. அத்தனை தூரப் பயணத்துக்கு 90 நிமிட விளையாட்டு.

குழுநிலைச் சுற்று இந்தக் கொடுமைக்கு மருந்து. ஒரு நாள் சறுக்கினாலும் அடுத்த நாள் எழும்ப இடம் கொடுக்கிறது. 2006இல் பங்களாதேஷில் நடந்த ஏஎப்சி சவால் கிண்ணத்தில் நமது இலங்கை அணி தனது குழுவில் முதலிடம் பெற்று, அங்கிருந்து ஏறி இறுதிப் போட்டி வரை போனதை இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? டாக்காவில் தஜிகிஸ்தானிடம் 4-0 என்று தோற்றாலும், ஆசியத் தொடரொன்றின் இறுதி வரை நாம் போயிருக்கிறோம். சிறிய நாடுகள் தம்மைக் காட்டும் இடம் குழுநிலைதான்.

ஆனால் இந்த முறைக்குள்ளேயே ஒரு ஓட்டையும் இருந்தது. கடைசிப் போட்டியை ஆடுகிறவருக்கு, தனக்கு என்ன தேவை என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். 1978இல் ஆர்ஜென்டீனாவில் நடந்த தொடரின் இரண்டாம் சுற்றும் குழு முறையிலேயே நடந்தது. பிரேசில் அன்று முன்னதாகவே தனது கடைசிப் போட்டியை ஆடி, போலந்தை 3-1 என்று வென்றுவிட்டது. பிறகு ஆடிய ஆர்ஜென்டீனாவுக்கு, இறுதிப் போட்டிக்குப் போக பெருவை 4 கோல் வித்தியாசத்தில் வெல்லவேண்டும் என்ற கணக்கு தெளிவாகக் கையில் இருந்தது. 6-0 என்று வென்றது. அந்தப் போட்டியைப் பற்றிய சந்தேகப் பேச்சு இன்றுவரை ஓயவில்லை. அப்போதும் விதி மாறவில்லை.

நான்கு வருடங்களுக்குப் பிறகு, 1982, ஸ்பெயின்.

அது அல்ஜீரியாவின் முதல் உலகக் கிண்ணம். பிரான்சிடமிருந்து விடுதலை பெற்று அப்போது 20 வருடங்கள்தான். அந்த அணியின் பயிற்சிக் குழுவில் ரஷீத் மெக்லூபி இருந்தார். 1958இல் பிரான்ஸ் அணிக்காக உலகக் கிண்ணம் ஆடும் வாய்ப்பைத் துறந்து, அல்ஜீரிய விடுதலை முன்னணியின் அணியில் சேர்வதற்காக இரகசியமாகப் புறப்பட்டுப் போனவர் அவர். அப்படிப்பட்ட வரலாறுள்ள அணியின் முதல் எதிராளி மேற்கு ஜேர்மனி. அப்போதைய ஐரோப்பியச் சம்பியன்.

ஜூன் 16, வட ஸ்பெயினின் கரையோர நகரான ஹிஹோன். 54ஆவது நிமிடத்தில் ரபாஹ் மஜர் முதல் கோலைப் போட்டார். 67இல் ரும்மனிகே சமப்படுத்தினார். அடுத்த நிமிடமே லக்தர் பெல்லூமி மீண்டும் போட்டார். அல்ஜீரியா 2, மேற்கு ஜேர்மனி 1. உலகமே வாய் பிளந்தது.

அடுத்த போட்டியில் ஒஸ்ட்ரியாவிடம் 2-0 என்று தோல்வி. மூன்றாவது போட்டி ஜூன் 24இல், பக்கத்து நகரான ஒவியேடோவில், சிலியுடன். இடைவேளைக்கு முன்பே அல்ஜீரியா 3-0 என்று முன்னால் போய்விட்டது. பின்னர் இரண்டு கோல்களை விட்டுக்கொடுத்து 3-2 என்று வென்றது. மூன்றில் இரண்டு வெற்றி. அன்றைய முறைப்படி வெற்றிக்கு 2 புள்ளி, ஆக 4 புள்ளி. வேறு எந்தச் சூழலிலும் இது அடுத்த சுற்றுக்குப் போதுமான கணக்கு.

ஆனால் அதே குழுவின் கடைசிப் போட்டி, மேற்கு ஜேர்மனி எதிர் ஒஸ்ட்ரியா, மறுநாள் ஜூன் 25இல்தான்.

கணக்கைக் கவனியுங்கள். ஒஸ்ட்ரியா இரண்டு போட்டியையும் வென்று 4 புள்ளியோடு, 3 கோல் போட்டு ஒன்றும் வாங்காமல் நின்றது. ஜேர்மனிக்கு 2 புள்ளி. சமநிலையானாலோ ஒஸ்ட்ரியா வென்றாலோ ஜேர்மனி வெளியே. ஜேர்மனி மூன்று கோல் வித்தியாசத்தில் 3-0 என்று வென்றால் ஒஸ்ட்ரியா வெளியே. ஜேர்மனி ஒரு கோலிலோ இரண்டு கோலிலோ வென்றால் இருவரும் உள்ளே, அல்ஜீரியா வெளியே. அல்ஜீரியா முந்திய நாளே ஆடி முடித்திருந்ததால், இந்தக் கணக்கு மைதானத்துக்குள் இறங்க முன்பே இருவருக்கும் மனப்பாடம்.

(அல்ஜீரியா அந்த 3-0ஐ அப்படியே காத்திருந்தால், கூடுதல் கோல் போட்ட அணி என்ற அடிப்படையில் 1-0 என்ற முடிவு ஒஸ்ட்ரியாவை வெளியே அனுப்பியிருக்கும். கடைசி அரைமணியில் விடும் ஒரு கோலுக்கு எவ்வளவு விலை என்பதை நமது பின்வரிசை வீரர்கள் இதிலிருந்து படிக்கலாம்.)

10ஆவது நிமிடத்தில் ஹ்ரூபெஷ் ஜேர்மனிக்காக ஒரு கோல் போட்டார். அதன் பிறகு விளையாட்டு மெல்ல மெல்லச் செத்தது. இரண்டாம் பாதியில் பந்தைப் பின்னுக்கும் பக்கத்துக்கும் தட்டுவதும், கோல் காப்பாளரிடம் திருப்பிக் கொடுப்பதுமே நடந்தது. அரங்கிலிருந்த அல்ஜீரிய ரசிகர்கள் நாணயத்தாள்களை எடுத்து ஆட்டினார்கள். ஒஸ்ட்ரியத் தொலைக்காட்சி வர்ணனையாளர் ரொபர்ட் சீகர், தொலைக்காட்சியை அணைத்துவிடும்படி பார்வையாளர்களிடம் சொன்னார். ஜேர்மன் வர்ணனையாளர் எபர்ஹார்ட் ஸ்டான்யெக் ஒரு கட்டத்தில் வர்ணனையையே நிறுத்திக்கொண்டார். ஹிஹோன் நகரப் பத்திரிகையொன்று அந்தப் போட்டியின் செய்தியைக் குற்றச் செய்திகளின் பக்கத்தில் போட்டது. ஜேர்மனியில் இன்றும் அதற்குப் பெயர் 'ஹிஹோன் அவமானம்'.

போட்டி 1-0 என்றே முடிந்தது. மூன்று அணிகளுக்கும் 4 புள்ளி. கோல் வித்தியாசத்தில் அல்ஜீரியா வெளியே.

அல்ஜீரியா முறையிட்டது. பீபா ஆராய்ந்து, விதி எதுவும் மீறப்படவில்லை, முடிவு செல்லும் என்றது. நாம் நின்று யோசிக்கவேண்டிய இடம் இதுதான். பீபா சொன்னது பொய்யல்ல. பந்தைப் பின்னுக்குத் தட்டுவது குற்றமில்லை. மெதுவாக ஓடுவது குற்றமில்லை. முன்கூட்டி ஒப்பந்தம் செய்தார்கள் என்று யாரும் நிரூபிக்கவுமில்லை. பேசவே தேவையில்லை, கணக்கு இருவருக்கும் தெரிந்தால் போதும். ஒரு விதியையும் மீறாமல் ஓர் அநியாயம் நடந்து முடிந்தது.

எங்களை வெளியேற்ற இரண்டு பெரிய அணிகள் தம்மைத் தாழ்த்திக்கொண்டதே எங்களுக்குக் கிடைத்த கௌரவம், நாங்கள் தலைநிமிர்ந்து போனோம் என்ற கருத்தில் அந்த அணியின் மெர்சகானே பின்னாளில் சொன்னார்.

இந்த அநியாயத்தின் பிறகுதான் விதி மாறியது. 1986 மெக்சிக்கோ தொடரிலிருந்து ஒவ்வொரு குழுவின் கடைசி இரண்டு போட்டிகளும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன.

பிள்ளைகளுக்கு விளங்க ஓர் உதாரணம் சொல்வோம். சாதாரண தரப் பரீட்சையில் கணித வினாத்தாளை நாடு முழுவதும் ஒரே நேரத்தில்தான் பிரிக்கிறோம். மட்டக்களப்பில் திங்கட்கிழமையும் கல்முனையில் செவ்வாய்க்கிழமையும் அதே வினாத்தாளைக் கொடுத்தால் என்ன நடக்கும்? எல்லாப் பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள் என்று சொல்லி அப்படிச் செய்வோமா? மாட்டோம். பிள்ளைகளைச் சந்தேகிப்பதால் அல்ல, நேர்மையாக எழுதுகிற பிள்ளை நட்டப்படக் கூடாது என்பதால். உலகக் கிண்ணத்தின் ஒரே நேர விதியும் அதே வகைதான்.

விதி வந்த முதல் தொடரிலேயே பலன் தெரிந்தது. 1986இல் மொரோக்கோ இருந்த குழுவில் இங்கிலாந்து, போலந்து, போர்த்துக்கல். கடைசி நாள் வரை நான்கு அணிக்கும் வாய்ப்பு இருந்தது. இங்கிலாந்து போலந்தை 3-0 என்று வென்ற அதே நேரத்தில் மொரோக்கோ போர்த்துக்கலை 3-1 என்று வென்று குழுவில் முதலிடம் பெற்றது. குழுநிலையைத் தாண்டிய முதல் ஆபிரிக்க அணி, முதல் அரபு அணி அதுதான்.

அல்ஜீரியாவுக்கோ 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரேசிலில் முதல்முறையாகக் குழுநிலையைத் தாண்டியது. ரமழான் தொடங்கிய நாட்களில் அடுத்த சுற்றில் எதிரே வந்தது யார்? ஜேர்மனி! 90 நிமிடமும் கோல் விடாமல் நின்று, மேலதிக நேரத்தில் 2-1 என்று தோற்றது. அந்த ஜேர்மனிதான் அம்முறை கிண்ணத்தை வென்றது.

ஒரே நேர விதி எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டதா? இல்லை. 2018இல் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் வித்தியாசம், போட்ட கோல், தமக்கிடையிலான போட்டி என்று எல்லாவற்றிலும் சமன். மஞ்சள் அட்டை ஜப்பானுக்கு 4, செனகலுக்கு 6. மற்ற மைதானத்தில் கொலம்பியாவிடம் செனகல் பின்தங்கிய செய்தி வந்ததும், ஜப்பான் போலந்திடம் 1-0 என்று தோற்றுக்கொண்டிருந்த நிலையிலேயே பந்தைத் தமக்குள் தட்டி நேரத்தைக் கழித்தது. செனகல் வெளியே. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. செனகல் ஒரு கோல் போட்டிருந்தால் ஜப்பானின் கணக்கு அந்த நொடியே தலைகீழாகியிருக்கும். 1982இல் அல்ஜீரியாவுக்கு அந்த வாய்ப்பே இருக்கவில்லை. அது ஆடி முடித்துவிட்டு, கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்தப் பாடமும் மறக்கப்படவிருந்தது. 2017இல் பீபா, 2026 தொடருக்கு 48 அணிகளை மும்மூன்றாக 16 குழுக்களில் போடுவதாக முடிவெடுத்தது. மூன்று அணி உள்ள குழுவில் கடைசிப் போட்டியின்போது ஓர் அணி சும்மாதான் இருக்கவேண்டும். அதாவது ஒவ்வொரு குழுவிலும் ஓர் அல்ஜீரியா! பலரும் எச்சரித்தார்கள். 2022இல் கட்டாரின் கடைசிச் சுற்றில் நிமிடத்துக்கு நிமிடம் அட்டவணை மாறியதை உலகம் பார்த்தது. கொஸ்டாரிக்கா ஜேர்மனியை முந்திநின்ற சில நிமிடங்களுக்கு ஸ்பெயின், ஜேர்மனி இரண்டுமே வெளியே நின்றதை மறக்க முடியுமா? 2023 மார்ச்சில் பீபா முடிவை மாற்றி, நான்கு அணிகள் கொண்ட 12 குழுக்கள் என்றது.

2026க்கான குலுக்கலில் 'ஜே' குழுவுக்கு விழுந்த அணிகள்: ஆர்ஜென்டீனா, அல்ஜீரியா, ஒஸ்ட்ரியா, ஜோர்தான். அட்டவணைப்படி குழுவின் கடைசிச் சுற்றில் அல்ஜீரியாவும் ஒஸ்ட்ரியாவும் நேருக்கு நேர், அதே நேரத்தில் மற்ற மைதானத்தில் ஜோர்தானும் ஆர்ஜென்டீனாவும். ஆனால் மூன்றாமிடம் பெறும் 12 அணிகளில் சிறந்த 8 அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போகும் என்பதால், பிந்தி ஆடும் குழுக்களுக்கு எத்தனை புள்ளி போதும் என்பது முன்பே தெரிந்துவிடும். ஒரு கதவை மூடினால் இன்னொரு ஜன்னல் திறந்திருக்கிறது.

இனி நமது மைதானங்களுக்கு வருவோம்.

நமது ஊர்களில் சுற்றுப்போட்டிகள் அஸருக்குப் பிறகு தொடங்கி மஃரிபுக்கு முன் முடியவேண்டும். ஒரு மைதானத்தில் ஒரு மாலைக்கு ஒரு போட்டிதான் ஒழுங்காக நடத்தலாம். ஆகவே குழுவின் கடைசி இரண்டு போட்டிகளும் அடுத்தடுத்த நாட்களுக்கு விழுகின்றன. ஒவியேடோவுக்கும் ஹிஹோனுக்கும் இடையில் இருந்த அதே ஒரு நாள்! பிறகு யாரோ யாருக்கோ விட்டுக்கொடுத்தார்கள் என்ற கதை, கழகங்களுக்கிடையே மனஸ்தாபம், சில வேளை ஊருக்கும் ஊருக்கும் இடையே பகை.

ஏற்பாட்டாளர்களான தம்பிமாரிடம் நாம் வேண்டுவது இதைத்தான். குழுவின் கடைசி நாளுக்கு மட்டும் பக்கத்து ஊர் மைதானத்தையும் கேட்டு எடுங்கள். மருதமுனைக்கும் கல்முனைக்கும், சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் எவ்வளவு தூரம்? இரண்டு நடுவர் குழு, ஒரே நேரத்தில் விசில். அது முடியாவிட்டால் குழு முறையை விட்டு விலகல் முறையில் நடத்துங்கள். மூன்று அணிக் குழு மட்டும் வேண்டவே வேண்டாம்.

நேர்மையாக விளையாடுங்கள் என்று பிள்ளைகளுக்கு நாம் தினமும் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். அதோடு, நேர்மையாக விளையாடுகிற அணி தோற்றுப்போகாதபடி அட்டவணையைப் போட்டுக் கொடுப்பது பெரியவர்களான நமது வேலை.