திருவக்கரைக் கல்மரங்களுக்குப் பெயர் வந்த வரலாறு

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகப் போனால் சங்கராபரணி ஆற்றையொட்டி வரும் ஊர் திருவக்கரை. பௌர்ணமிதோறும் வக்கிரகாளியம்மன் கோயிலுக்குக் கூட்டம் வரும். ஊருக்கு வெளியே, முந்திரியும் பனையும் நிற்கும் செம்மண் மேட்டில் கல்லாய்ப் போன அடிமரங்கள் கிடக்கின்றன. வக்கிராசுரனின் எலும்புகள் என்பது ஊர் வழக்கு.

இவற்றை ஐரோப்பியருக்கு முதலில் எழுதிக் காட்டியவர் பியேர் சொன்னரா. புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு இயற்கையியலாளர். நம் சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் இருப்பவரும் இவரே. கீழை நாடுகளில் தாம் செய்த பயணம் பற்றி 1782இல் பாரிஸில் வெளியிட்ட நூலில் இந்த இடத்தைக் குறிப்பிட்டார். அடுத்து வந்தவர் ஜான் வாரன். 1802இல் கோலார் பக்கம் தங்கம் தேடிய அதே நில அளவை அதிகாரி. அவருடைய திருவக்கரைக் கட்டுரை 1810இல் கல்கத்தாவின் ‘ஆசியாடிக் ரிசர்ச்சஸ்’ பதினோராம் தொகுதியில் வந்தது.

இருவரும் மரம் கல்லானதைச் சொன்னார்கள். எந்த மரம் என்று சொல்லவில்லை. அது அவர்கள் குறையல்ல. இலை, பூ, காய் எதுவும் இல்லை. பட்டையும் கிளையும் வேரும்கூட இல்லை. பெருவெள்ளம் எங்கிருந்தோ உருட்டி வந்து மணலில் புதைத்த மரங்கள் என்று புவியியலாளர் கருதுவது இதனால்தான். மரத்தின் செல்களுக்குள் நீரோடு இறங்கிய சிலிக்கா இறுகி, செல்லமைப்பை அப்படியே காப்பாற்றியிருக்கிறது. அதைப் பார்க்க, கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து மெலிதாக்க வேண்டும். எடின்பரோவில் நிக்கல் என்பவர் கையாண்ட அந்த உத்தி, ஹென்றி விட்டமின் 1831ஆம் ஆண்டு நூலால்தான் பரவலாகத் தெரியவந்தது.

ஆக, முதல் குறிப்பு வந்து 73 ஆண்டுகள் கழித்தே இந்த வட்டாரக் கல்மரத்துக்கு அறிவியல் பெயர் கிடைத்தது. 1855இல் யேனாவில் வெளியான நூலில் மத்தியாஸ் ஷ்லைடன் அதற்குப் ‘பியூசி ஷ்மிடியானா’ என்று பெயரிட்டார். செல் கொள்கையை நிறுவியவர்களில் ஒருவர் அவர். ஆனால் அக்காலத்தில் ஊசியிலை மரப் படிவம் என்றாலே ‘பியூசி’ என்று போட்டுவிடுவது வழக்கம். 1931இல் பீர்பால் சாஹ்னி இந்தியப் படிவங்களை மறுஆய்வு செய்தபோது, ஸீவர்ட் 1919இல் வகுத்த ‘மெசெம்பிரியோசைலான்’ பேரினத்துக்கு இதை மாற்றினார்.

பிறகு வேலை சூடுபிடித்தது. துண்டைக் குறுக்காக, ஆரப்போக்கில், தொடுகோட்டுப் போக்கில் என மூன்று விதமாக அறுத்து, ஒவ்வொன்றையும் கண்ணாடித் தகட்டில் ஒட்டித் தேய்ப்பார்கள். நீர் கடத்தும் சைலக் குழாயே இல்லாமல், டிரக்கீடுகள் எனப்படும் நீண்ட செல்கள் மட்டும் வரிசைகட்டி நின்றால் அது பெரும்பாலும் ஊசியிலை மரம். குழாய்கள் இருந்தால் அவற்றின் அளவு, அடுக்கு, கதிர்களின் அகலம், பிசின் நாளங்கள் என்று ஒவ்வொன்றாக, இன்றைய மரங்களோடு ஒப்பிட வேண்டும். 1950களில் இதில் முனைந்து உழைத்தவர் சி. ஜி. கே. ராமானுஜம். அவர் விவரித்த ‘மெசெம்பிரியோசைலான் திருவக்கரையானம்’ இனத்தில் ஊரின் பெயரே நிற்கிறது. 1960இல் தென்னிந்தியக் கல்மரங்கள் பற்றிய அவரது நீண்ட கட்டுரை ஜெர்மனியின் ‘பேலியான்டோகிராஃபிகா’ இதழில் வந்தது. நவாலே, லக்னோ பீர்பால் சாஹ்னி நிறுவனத்தின் அவஸ்தி ஆகியோரும் இம்மரங்கள் புதைந்திருக்கும் கடலூர் மணற்பாறைப் படிவங்களிலிருந்து இனங்களைச் சேர்த்தார்கள்.

இந்தப் பெயர்ப் பட்டியல் பழைய காட்டையே காட்டிவிடுகிறது. சுமார் 2 கோடி ஆண்டுகள் பழையதாகச் சொல்லப்படும் இம்மரங்களில் குங்கிலியக் குடும்பமும் புளியின் உறவுகளும் உண்டு. ஊசியிலை மரங்களோ போடோகார்ப்பஸ் வகையை ஒத்தவை. அந்த வகையில் தென்னிந்தியாவில் இயற்கையாக இன்று வளர்வது நகேயா வாலிச்சியானா ஒன்றுதான்; அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில்.

247 ஏக்கர் கல்மரப் பூங்கா இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஒன்பது துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும் அதைச் சுற்றிலும் கல்குவாரிகள். அங்கே போகிறவர்கள் கையளவு துண்டுகூட எடுத்துவர வேண்டாம். எந்த இடத்தில் கிடந்தது என்று தெரியாத கல்மரத்தை வைத்து யாரும் புது இனம் விவரிக்க முடியாது.